அடங்கி அடங்கித் திரும்பும் படர்தாமரை

வீட்டில் மூவருக்கும் உள்ள படர்தாமரைக்கு நீங்கள் தடவும் அந்த க்ரீமை இன்றோடு நிறுத்துங்கள். தடவினால் நாலு நாளில் அரிப்பு அடங்கி, விட்டதும் வட்டம் பெரிதாகத் திரும்புகிறது என்கிறீர்களே, அநேகமாக அது அரிப்பை மட்டும் அடக்கும் ஸ்டீராய்டு கலப்பின் வேலை. ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள்.

பதிலுக்கு 1% க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீம், தினம் இரண்டு வேளை, விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரை. தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தடவுங்கள். ஸ்டீராய்டை விட்டதால் முதலில் அரிப்பு கூடலாம். பழைய ட்யூபைத் தேடாதீர்கள்.

கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் துணி எங்கே காய்கிறது! அரை ஈர ஜட்டியும் மூவருக்கும் ஒரே துண்டும்தான் வினை. இடுப்புப் பட்டியில் சூடாக இஸ்திரி போடுங்கள். மூவரும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்குங்கள்.

பையனுக்குத் தலையில் முடி கொட்டிய திட்டு இருந்தால் க்ரீம் போதாது, மாத்திரை வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.