புது ப்ளோ ஆஃப் வால்வு போட்டபின் சிக்னலில் கார் அணைவது ஏன்?

ஜொகானஸ்பர்க்கில் ப்ளோ ஆஃப் வால்வு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் மிகை அழுத்தத்தை, ஆக்சிலரேட்டரை விட்டதும் வெளியேற்றும் வால்வு) மாட்டி, கடலோர டர்பனுக்கு வந்ததும், ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) இன்ஜின் நடுங்கி அணைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வால்வின் ஸ்பிரிங் தளர்வு என்றே நினைக்கிறேன். ஜொகானஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேல், காற்றழுத்தம் குறைவு. கடல்மட்டத்துக்கு இறங்கினால் ஐடிலில் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) உறிஞ்சல் கூடி, தளர்ந்த வால்வைத் திறந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும்.

முதலில் மேனிஃபோல்டிலிருந்து வால்வுக்கு வரும் வேக்யூம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இன்ஜின் ஆறியதும் வால்வின் லாக் நட்டைத் தளர்த்தி, மேல் திருகை அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். ஐடிலில் வால்வின் வாயருகே மெல்லிய தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ளக் கூடாது. சரி, ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'புஸ்' என்பதற்குப் பதில் புறா சிறகடிப்பது போலச் சத்தம் வந்தால், காற்று டர்போவுக்கே திரும்பி அடிக்கிறது. திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.