மபோகோ சிங்கங்கள் ஏன் வீழ்ந்தன? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் மபோகோ சிங்கங்களைப் பற்றிய காணொளிகளைக் கொஞ்ச நாட்களாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆறு ஆண் சிங்கங்கள் சேர்ந்து சாபி சாண்ட் காட்டையே கைக்குள் வைத்திருந்தன, நூறு சிங்கங்களுக்கு மேல் கொன்றன என்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டம் ஆறேழு ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் போனது எப்படி? ஆறில் ஒன்றான மிஸ்டர் டி செய்த துரோகம்தான் காரணம் என்கிறார்கள் சிலர். செய்த பாவம் திரும்பி வந்தது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே முழுதாக ஒப்பவில்லை. இன்னொரு சந்தேகம்: அத்தனை குட்டிகளைப் பெற்ற சிங்கங்கள் வளர்ந்த மகன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் பத்தாண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆண் சிங்கக் கூட்டணியில் புதிதாக ஒன்று வந்து சேர்வது மிக அரிது. இளம் வயதில் யார் யார் சேர்ந்தார்களோ அவர்கள்தான் கடைசிவரை. எண்ணிக்கை குறையுமே தவிரக் கூடாது. அதோடு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒன்றாக வலுப்பெறுகின்றன, ஒன்றாகவே தளர்கின்றன. மபோகோவின் எழுச்சி, வீழ்ச்சி இரண்டையும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

கூட்டணி உருவாவது தாயின் குழுவில். ஒரு குழுவின் பெண்சிங்கங்கள் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி, சித்தி என்று ஒரே வழியில் வந்தவை. ஒன்றையொன்று ஒட்டிக் குட்டி போடும்போது குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வளர்க்கும், மற்றதன் குட்டிக்கும் பால் கொடுக்கும். இப்படி ஒரே சமயத்தில் பிறந்து வளரும் அந்த ஈட்டில் எத்தனை ஆண் குட்டிகள் பிழைக்கின்றனவோ அத்தனையும் இரண்டு, மூன்று வயதில், பிடரி முளைக்கத் தொடங்கும் பருவத்தில், சேர்ந்தே விரட்டப்படும். தான்சானியாவின் செரங்கெட்டியில் மரபணுவைச் சோதித்து 1991இல் வெளியான ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. நான்கும் அதற்கு மேலும் கொண்ட கூட்டணிகள் நெருங்கிய உறவினர்களால் ஆனவை. இரண்டு, மூன்று கொண்டவற்றில் உறவில்லாதவையும் கலந்திருந்தன. காரணம் எளிது. கூட்டணி பெரிதாக ஆக, குட்டிகளுக்குத் தகப்பனாகிறவை ஒன்றிரண்டுதான். மற்றவற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. சகோதரனின் குட்டி பிழைத்தால் தன் இரத்தத்தில் ஒரு பங்கு பிழைக்கிறது. அந்நியனின் குட்டிக்காக உயிரைக் கொடுத்துச் சண்டையிடுவதில் அந்த ஆதாயம் இல்லை.

மபோகோவில் ஐந்து, ஸ்பார்ட்டா என்ற குழுவில் பிறந்தவை. ஆறாவதான மகுலு மட்டும் வெளியிலிருந்து வந்தது என்று அங்கிருந்த வழிகாட்டிகள் சொல்கிறார்கள். மற்றவற்றைவிட மூத்தது, உருவத்திலும் பெரியது. அது சேர்ந்தது மற்ற ஐந்தும் முழு வளர்ச்சி அடைவதற்கு முன்பு என்பதைக் கவனியுங்கள். முழுதாக வளர்ந்தபின் வந்திருந்தால் ஐந்தும் சேர்ந்து அதைக் கொன்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

விரட்டப்பட்ட இளம் ஆண்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் நாடோடியாக அலையும். இந்தக் காலத்தில் அவை பெரும்பாலும் கர்ஜிப்பதில்லை. கர்ஜனை என்பது எல்லை உள்ளவன் தன் இருப்பை அறிவிப்பது. சாதகமான இரவில் எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும். நாடோடி கர்ஜித்தால் அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் நேரே அந்த ஓசையை நோக்கி வருவான். ஆகவே வாயை மூடிக்கொண்டு, கழுதைப்புலிகளிடமிருந்து பறித்தும் தாமே வேட்டையாடியும் உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. ஆண் சிங்கம் சோம்பேறி, பெண் வேட்டையாடிக் கொடுத்ததைத் தின்பது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, புதர் அடர்ந்த அந்தப் பகுதிக்கு அது பொருந்தாது. சாபி சாண்டை ஒட்டிய க்ரூகர் தேசியப் பூங்காவின் ஆண் சிங்கங்கள் மறைந்திருந்து எருமையைத் தாமே வீழ்த்துகின்றன. வளர்ந்த கேப் எருமைக் கடா 700 கிலோ வரை இருக்கும். ஓர் ஆண் சிங்கம் ஒரே அமர்வில் முப்பது கிலோவுக்கு மேல் தின்னும். ஆறு வாய்களுக்கு அப்படிப்பட்ட இரைதான் கட்டுப்படியாகும். மபோகோ அதைத் தேர்ந்த முறையில் செய்தன. சாப்பாட்டுக்குப் பெண்களைச் சார்ந்திராததால் நாடோடிக் காலத்திலேயே அவை முழு எடையை எட்டிவிட்டன.

சாபி சாண்ட் ஏறத்தாழ 65,000 ஹெக்டேர். க்ரூகருக்கும் அதற்கும் நடுவே இருந்த வேலி 1993இல் எடுக்கப்பட்டது. புதிய ஆண்கள் கிழக்கிலிருந்து தடையின்றி வர முடியும் என்பது இதன் பொருள். மபோகோவுக்கு இந்தத் திறப்பு முதலில் உதவியது, பின்னால் அதுவே அவற்றின் எதிரிகளுக்கும் உதவியது. 2006 வாக்கில் அவை எல்லை பிடித்தபோது அங்கிருந்த ஆண்கள் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தன. ஐந்தாறு வயதில், உச்ச வலுவில் இருக்கும் ஆறு சிங்கங்களுக்கு முன்னால் அவை நிற்க முடியவில்லை.

குழுவைக் கைப்பற்றியதும் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், உங்கள் 'பாவம்' கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. புதிய ஆண்கள் பழைய ஆண்களின் குட்டிகளைக் கொல்லும். குட்டி உயிரோடு இருந்தால் தாய் அடுத்த ஈற்றுக்கு வர ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். குட்டி செத்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் உடனே சினை பிடிப்பதில்லை. மூன்று நான்கு மாதங்கள் வெறும் இணைசேர்க்கைதான், இந்த ஆண்கள் நிலைப்பார்களா என்று தெரியும் வரை பெண்ணின் உடல் காத்திருப்பதுபோல. பிறகு 110 நாள் சினைக்காலம். பிறந்த குட்டி ஓரளவு தற்காத்துக்கொள்ள இரண்டு வயதாக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே ஓர் ஈட்டைக் கரைசேர்க்க ஓர் ஆண் சிங்கம் இரண்டரை ஆண்டுக்கு மேல் குழுவைக் காத்தாக வேண்டும். சராசரி ஆட்சிக்காலமே இரண்டு மூன்று ஆண்டுதான். குட்டிகளைக் கொல்லும் அவசரம் இந்த நெருக்கடியிலிருந்து வருகிறது. உலகில் எந்த ஆண் சிங்கமும் இதைச் செய்யும். செரங்கெட்டியில் ஓராண்டுக்குள் இறக்கும் குட்டிகளில் ஏறத்தாழ கால்வாசி இப்படிச் சாகின்றன.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. எல்லாத் தாய்களும் ஒரே நேரத்தில் குட்டிகளை இழப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில் சினைப்படுகின்றன, ஒரே சமயத்தில் ஈனுகின்றன. பெரிய ஈடு, அதில் நிறைய ஆண் குட்டிகள், நான்கைந்து ஆண்டில் பெரிய கூட்டணி. ஒரு கைப்பற்றல் அடுத்த தலைமுறைப் படையை இப்படி உருவாக்கிவிடுகிறது.

மபோகோ மற்றவற்றிலிருந்து வேறுபட்டது அளவில்தான். வளர்ந்த பெண்களையும் கொன்றன, கொன்ற சிங்கங்களைச் சில சமயம் தின்றன. நூறு என்ற எண் பிற்பாடு சொல்லப்பட்ட மதிப்பீடு, சடலங்களை எண்ணி வந்ததல்ல. ஆகவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இனப்பெருக்க நோக்கில் வளர்ந்த பெண்ணைக் கொல்வது ஆணுக்கு நட்டம்தான். அதற்காக அவை தண்டிக்கப்பட்டன என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவற்றை வீழ்த்திய கூட்டணிகளும் வந்த உடனே அதே வேலையைத்தான் செய்தன.

சரிவு தொடங்கியது வெற்றியில். கையில் ஒரு குழு இருக்கும்வரை ஆறும் ஒரே இடத்தில் இருக்கலாம். பல குழுக்கள் வந்ததும் அது முடியாது. பருவத்துக்கு வந்த பெண்ணோடு ஓர் ஆண் நான்கு நாட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இணைசேரும். இரைக்குக்கூட அதிகம் நகராது. மற்ற ஆண்களை அருகே விடாது. உறுமல், அறை, சில சமயம் இரத்தக் காயம். இப்படி ஒன்றிரண்டாகப் பிரிந்து வெவ்வேறு எல்லையில் கிடக்கும் கூட்டணி பெயரளவில்தான் ஆறு. குறிப்பிட்ட ஓர் இரவில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருப்பவை ஒன்றோ இரண்டோ. மபோகோவில் உட்பூசலும் சேர்ந்துகொள்ள, கிங்கி டெயிலும் மிஸ்டர் டியும் தனி அணியாகி, மற்ற நான்கும் மேற்கே நிலைத்துவிட்டன.

2010 ஜூனில் நடந்தது இதன் நேரடி விளைவு. கிழக்கிலிருந்து ஐந்து இளம் ஆண்கள் வந்தன. பின்னால் மஜிங்கிலானே என்று பெயர் பெற்றவை. அவற்றில் ஒன்று தனியாக மாட்டியபோது கிங்கி டெயிலும் மிஸ்டர் டியும் அதைக் கொன்றன. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கே அவற்றுக்குச் சாதகம். விரைவிலேயே மீதி நான்கும் சேர்ந்து வந்தபோது கிங்கி டெயில் தனியாகச் சிக்கியது.

ஒரு சிங்கத்தைப் பல சிங்கங்கள் கொல்லும் முறையைக் காணொளியில் கவனித்திருப்பீர்கள். முன்பக்கம் பல், நகம், அடர்ந்த பிடரி. அங்கே யாரும் எளிதில் நெருங்க முடியாது. எல்லாரும் குறிவைப்பது பின்பக்கம்: இடுப்பு, விதைப்பை, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி. அதனால்தான் சூழப்பட்ட சிங்கம் பின்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். எதிரி ஒன்றென்றால் உட்கார்ந்தபடியே திரும்பித் திரும்பிச் சமாளிக்கலாம். நான்கென்றால் ஒன்று முகத்துக்கு நேரே நின்று கவனத்தைப் பிடித்து வைக்க, இன்னொன்று பின்னால் வந்து இடுப்பைக் கவ்வும். முதுகெலும்பில் பல் இறங்கிவிட்டால் பின்கால்கள் செயலிழக்கும். அதன்பின் சண்டை கிடையாது. கிங்கி டெயில் இப்படித்தான் செத்தது. கொன்றவை அதன் உடலையும் தின்றன. பக்கத்தில் தம்பிகள் மூவர் இருந்திருந்தால் அந்த நான்கும் ஒருவேளை கிட்டவே வந்திருக்காது. சிங்கங்கள் கர்ஜனைகளை எண்ணிப் பார்க்கின்றன என்பது ஒலிபெருக்கியில் கர்ஜனையை ஒலிக்கவிட்டுச் செய்த சோதனைகளில் தெளிவாகவே தெரிந்தது.

மிஸ்டர் டியைத் துரோகி என்பதை நான் ஏற்கவில்லை. சகோதரனை இழந்து மேற்கே திரும்பியபின் அது மற்ற நால்வரின் குட்டிகளைக் கொன்றது உண்மை. ஆனால் நீண்ட நாள் அந்தப் பெண்களோடு இணைசேராமல் வெளியே இருந்த ஆணுக்கு அந்தக் குட்டிகள் அந்நியக் குட்டிகள். புதிதாக வந்த ஆண் செய்வதையே அதுவும் செய்தது. இத்தனைக்கும் பிறகு சகோதரர்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. வெளி எதிரி வந்தால் வளர்ந்த ஆண்கள் சொந்தப் பூசலை ஒதுக்கிவிட்டு ஒன்றாக நிற்கும். செரங்கெட்டிச் சோதனைகளில் கூட்டாளி உறவா இல்லையா, பின்னால் வருகிறானா இல்லையா என்றெல்லாம் பாராமல் ஆண்கள் அந்நியக் கர்ஜனையை நோக்கி நடந்தன. மிஸ்டர் டி இல்லாவிட்டாலும் அந்தக் கூட்டணி வெகுநாள் நீடித்திருக்காது என்பதே என் கருத்து.

ஏனென்றால் அதற்குள் வயது வந்துவிட்டது. 2012 தொடக்கத்தில் மிஞ்சியவை மூன்று: மகுலு, பிரிட்டி பாய், மிஸ்டர் டி. எல்லாம் பத்து வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்தவை. அந்த மார்ச்சில் செலாட்டி ஆண்கள் என்ற நான்கு இளம் சிங்கங்கள் வந்து மிஸ்டர் டியைக் கொன்றன. மற்ற இரண்டும் எல்லையை விட்டு விலகி க்ரூகர் பக்கம் போய்விட்டன. மகுலுவை 2013 தொடக்கத்துக்குப் பின் யாரும் பார்க்கவில்லை.

இனி மகன்கள். முதல் ஈட்டு மகன்கள் இரண்டரை வயதை எட்டும்போது தகப்பன்கள் எட்டு வயதை நெருங்கியிருக்கும். அந்த வயதில் மகன் துணைக்கு உதவமாட்டான். இரையில் பங்கு கேட்கும் வாய் ஒன்று கூடும், அவ்வளவுதான். அவன் நம்பிச் சண்டையிடும் உடம்பைப் பெற இன்னும் இரண்டாண்டு வேண்டும், அப்போது தகப்பனுக்குப் பத்து வயது. தவிர, அந்தக் குழுவின் பெண்கள் அவனுக்குத் தாயும் சகோதரிகளும். அங்கேயே தங்கி அவனுக்கு எதிர்காலம் இல்லை. கென்யாவின் மசாய் மாராவில் நாட்ச் என்ற சிங்கம் தன் மகன்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் சுற்றியது புகழ்பெற்ற விதிவிலக்கு. ஆட்சியை இழந்து, விரட்டப்பட்ட மகன்களோடு அதுவும் வெளியேறியதால்தான் அந்தக் கூட்டு அமைந்தது. ஆட்சியில் இருக்கும்போது அமைந்ததல்ல.

அடுத்து ஏதாவது கூட்டணியைப் பின்தொடர்வீர்கள் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஒரே இரவில் சேர்ந்து காணப்படுபவை எத்தனை. கூட்டணியின் பெயரளவு எண்ணிக்கையை நம்ப வேண்டாம். இரண்டு, கையில் எத்தனை பெண் குழுக்கள். நான்கு ஆணுக்கு இரண்டு குழு என்றால் காக்கலாம், அதற்கு மேல் போனால் எல்லையோரத்தில் ஓட்டை விழும். மூன்றாவது வயது. இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. கரும்புள்ளிகள் கூடிக்கூடி ஐந்து வயதை ஒட்டிப் பாதியளவு கறுத்திருக்கும், பிறகு முழுதாகக் கறுக்கும். ஒன்பது பத்து வயதில் கோரைப்பல் மஞ்சளாகி முனை மழுங்கியிருக்கும், இடுப்பெலும்பு துருத்தும். அடிபட்டாலோ உடம்பு கெட்டாலோ பிடரி மெலியும். எல்லையில் கர்ஜிப்பதும் மரங்களில் சிறுநீர் தெளிப்பதும் குறைந்து, எல்லா நாளும் நடுப்பகுதியிலேயே கிடந்தால் பக்கத்தில் வலுவான ஆண்கள் வந்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். அதன்பின் பெரும்பாலும் சில மாதங்கள்தான்.

அன்புடன்.