முதுகலை முடித்தால் மட்டும் போதாது, தம்பி

மனைவியின் வேலையை ஒட்டி அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்று வாரம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊரில் உளவியல் இளங்கலை முடித்தவர் இங்கே தடயவியல் உளவியலாளர் ஆவது எப்படி, எத்தனை வருடம் பிடிக்கும், வாடகை எவ்வளவு, இட்லி அரிசி எங்கே கிடைக்கும். வாடகைக்கும் அரிசிக்கும் பதில் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். 2010 செப்டம்பரில் இதே கேள்வியோடு பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கியவள் நான். அன்றைக்கு எனக்கு உண்மையைச் சொல்ல ஒருவரும் இல்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு முகவர். "ஒரு வருடப் படிப்பு, முடித்தால் நீங்கள் சைக்காலஜிஸ்ட்" என்றார். படிப்பின் பெயரில் குற்றமும் இருந்தது, உளவியலும் இருந்தது. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பாதி வருடம் கழித்துப் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் படிப்புக்குப் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரமே இல்லை. அன்று இரவு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஆகவே தம்பி, வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இந்தியப் பட்டத்தை முதலில் அந்தச் சங்கம் மதிப்பிட வேண்டும். அதில் உளவியல் போதாது என்றால் இணைப்புப் படிப்பு ஒன்று படிக்க வேண்டிவரும், எனக்கு வந்தது. அதன்பிறகுதான் அங்கீகாரம் பெற்ற தடயவியல் உளவியல் முதுகலை. அதற்கும் மேல், மேற்பார்வையாளரின் கீழ் குறைந்தது 2 வருடப் பயிற்சி. 2 என்பது காகிதத்தில். எனக்கு 4 ஆனது. முதுகலையையும் பயிற்சியையும் சேர்த்து முனைவர் பட்டமாகத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு, இடம் கிடைப்பது கடினம். எல்லாம் முடிந்து எச்.சி.பி.சி. என்னும் பதிவு அமைப்பில் பெயர் ஏறினால்தான் 'தடயவியல் உளவியலாளர்' என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 2009 முதல் அது சட்டத்தின் காவலில் இருக்கிறது. பதிவில்லாதவர் அதைப் போட்டு ஏமாற்றினால் குற்றம். வெறும் 'உளவியலாளர்' என்ற சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம்மவர்கள் சிலர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, பொங்கல் விழா மேடையில் புதிதாக வந்த பிள்ளைகளிடம் "எல்லாம் சுலபம்" என்று பேசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பட்ட கஷ்டத்தைச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். தடயவியல் என்ற சொல்லே நம்மைக் கைரேகைக்கும் ரத்தக் கறைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. 'ஃபொரென்சிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'ஃபோரம்', ஊர் கூடி வழக்குப் பேசிய சதுக்கம். வழக்குக்கு உதவும் உளவியல் என்பதே பொருள். சம்மதமில்லாமல், மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ சோதனையும் பொய் கண்டறியும் சோதனையும் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றமே 2010இல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே என் நாட்கள் சிறையில் கழிகின்றன. ஒருவர் மறுபடி வன்முறையில் இறங்கும் வாய்ப்பு என்ன, எது அதைத் தூண்டும், எது தடுக்கும் என்று எழுதி, கைதியை விடுவிக்கலாமா என்று முடிவு செய்யும் பரோல் வாரியத்துக்கு அனுப்புவேன். எச்.சி.ஆர்.-20 என்ற வன்முறை வாய்ப்பு மதிப்பீட்டில் 20 அம்சங்கள். அதில் 10 கடந்த காலம் பற்றியவை. ஒருவரின் பிள்ளைப் பருவத்தைக் கேட்டு முடிக்கவே பல நாள் ஆகும்.

முதுகலை முடித்தவுடன் பயிற்சிப் பணி கிடைக்கவில்லை என்றால் நோயாளிகளைக் காவலில் வைத்துச் சிகிச்சை தரும் மனநல மருத்துவமனையில் உதவியாளராகச் சேருங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தேன். யார்க்‌ஷர் வட்டாரப் பேச்சு என் காதில் ஏறியது அங்கேதான். இன்று அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லை, அவர்களுக்குள் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனாலும் பயிற்சியில் முதல் அறிக்கை திரும்பி வந்தது. ஒரு கைதி வேகமாகச் சொன்னதில் பாதி புரியாமல், புரிந்ததை வைத்து நிரப்பியிருந்தேன். "இவை உங்கள் சொற்கள், அவருடையவை அல்ல" என்று மேற்பார்வையாளர் பென்சிலால் எழுதியிருந்தார். அன்று அப்பா நினைவு வந்தது. அவர் பத்திர எழுத்தர். பாளையங்கோட்டைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன மேசை. எழுத்தறியாத ஒரு பாட்டி நிலம் எழுதிக்கொடுக்க வந்தால், நான்கு எல்லையையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு, எழுதி, முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுவார். "ஆத்தா, நீ சொன்னது இதுதானே?" என்பார். தலையாட்டினால் போதாது, ஆமாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் மைப்பெட்டி திறக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

மறுநாள் அந்தக் கைதியிடம் திரும்பிப் போய், எழுதியதை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். ஏழு இடத்தில் திருத்தினார். ஓரிடத்தில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்று படிப்புகளின் முழுப் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.