275 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு: பழைய ஆப்டிப்ளெக்ஸுக்கு எது பொருந்தும்?

கேள்வி: மகள் அனிமேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 டவர். ஐ5-3470 ப்ராசஸர், 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போட்டால் (காட்சியை முழுப் படமாக உருவாக்கச் சொன்னால்) மணிக்கணக்கில் ஓடுகிறது. மகனுக்கு ஜிடிஏ 5 விளையாட வேண்டும். கடையில் "4 ஜிபி ஜிடி 730 போதும்" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் இருக்கும் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஜிடி 730 வாங்கினால் பணம் வீண். ஆர்எக்ஸ் 580ஐ இந்த மெஷினில் மாட்டினால் மெஷினுக்கே ஆபத்து. உங்களுக்குப் பொருந்துவது ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகை. பட்ஜெட் இடம் தராவிட்டால், தனி பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650. ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால் கடையில் யார் எதைக் காட்டினாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கார்டு தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் தரும் பெட்டி. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 7010 டவரில் கம்பெனி கொடுத்தது 275 வாட். அதிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனியாக 6 பின், 8 பின் கேபிள் எதுவும் வராது. அப்படியானால் கார்டுக்கு மின்சாரம் வரும் வழி ஒன்றே ஒன்றுதான்: மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அந்த ஸ்லாட்டின் விதிப்படி, 16 லேன் (தகவல் போகும் தடம்) கொண்ட ஸ்லாட் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம். உங்கள் தேர்வுக்கு எல்லை இந்த 75 வாட். இதற்குள் அடங்குகிற, மேலே எந்த பவர் சாக்கெட்டும் இல்லாத கார்டாக இருக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 580 இந்த எல்லையை எவ்வளவு தாண்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கார்டு மட்டும் 185 வாட். உங்கள் ஐ5-3470 முழு வேகத்தில் ஓடினால் 77 வாட். இரண்டும் சேர்ந்தாலே 262. மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், விசிறிகள் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை இப்படிக் கடைசி வாட் வரை பிழியக்கூடாது.

"சாட்டா கேபிளிலிருந்து 8 பின் எடுக்கிற கன்வெர்ட்டர் இருக்கே, போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள்தான் உண்டு. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். கணக்குப் போட்டால் 54 வாட். 8 பின் இணைப்பு கேட்கக்கூடியதோ 150 வாட் வரை. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் முனைதான் முதலில் சூடாகி உருகும். பிள்ளைகள் இரவில் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வீட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை.

இனி ஜிடி 730. 2014இல் வந்த கார்டு இது. இன்றும் புதுப் பெட்டியில் விற்கிறார்கள். வாங்குபவர் "4 ஜிபி" என்ற எண்ணைப் பார்த்து மயங்குவார் என்பது விற்பவருக்குத் தெரியும். மெமரி எவ்வளவு என்பது பாதிக் கதைதான். அந்த மெமரியிலிருந்து ஒரு நொடிக்கு எவ்வளவு தகவலை எடுக்க முடிகிறது என்பது மீதிக் கதை. தொட்டி எவ்வளவு பெரியதானாலும் குழாய் சிறிதென்றால் குடம் நிரம்ப நேரமாகும். டிடிஆர்3 மெமரியும் 64 பிட் பாதையும் கொண்ட ஜிடி 730இல் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 14 ஜிபி. உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண ராம், இரண்டு ஸ்டிக்காகப் போட்டால், நொடிக்கு 25.6 ஜிபி தருகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கும் கார்டின் மெமரி, மதர்போர்டில் இருக்கும் ராமைவிட மெதுவானது. ஜிடிஎக்ஸ் 1650இல் இது 128 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையில் 168 ஜிபி. எந்தக் கார்டைக் காட்டினாலும் "எத்தனை ஜிபி" என்பதோடு "ஜிடிடிஆர்5ஆ, 6ஆ, வெறும் டிடிஆர்3ஆ" என்றும் கேளுங்கள். ஜிடி 1030 என்ற கார்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 வகையும் டிடிஆர்4 வகையும் இருக்கின்றன. இரண்டாவதன் மெமரி வேகம் முதலாவதில் பாதிகூட இல்லை.

சரி, 75 வாட்டுக்குள் உருப்படியாக என்ன இருக்கிறது?

என் முதல் தேர்வு, மேலே சொன்னபடி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். பெரும்பாலான கம்பெனிகளின் மாடல்களில் பவர் சாக்கெட்டே கிடையாது. ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிடும் கதிர்த் தடமறிதல் (ரே ட்ரேசிங்) வேலைக்கென்று தனிச் சுற்றுகள் இதில் உண்டு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர், என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறையில் ஓடும்போது அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். ஜிடிஎக்ஸ் 1650இல் அந்தச் சுற்றுகள் இல்லை, மெமரியும் 4 ஜிபிதான். கேம் மட்டும் என்றால் நான் 1650ஐயே சொல்லியிருப்பேன். மகளின் படிப்புக்கு என்பதால்தான் 3050 பக்கம் சாய்கிறேன். டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) நிறைய இருக்கும் ஒரு காட்சி 4 ஜிபிக்குள் அடங்காமல் திணறுவது சகஜம். அந்த 2 ஜிபி கூடுதல் அவளுக்கு நிஜமாகவே உதவும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. 2022இல் வந்தது, 130 வாட், தனி பவர் கேபிள் வேண்டும். "அதே கார்டுதான், மெமரி அதிகம்" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு அதை எடுத்து நீட்டலாம். உங்கள் மெஷினுக்கு அது ஆகாது. 1650இலும் இப்படித்தான்: சில மாடல்களில் 6 பின் சாக்கெட் இருக்கும், 1650 சூப்பர் என்றால் 100 வாட். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கார்டை வெளியே எடுத்து மேல் விளிம்பைப் பாருங்கள். சாக்கெட் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6400 இருக்கிறது. 53 வாட்தான். ஆனால் பழைய மெஷினுக்கு அதை நான் சொல்வதில்லை. அது நான்கு லேன்களில் மட்டும் பேசும் கார்டு. புதிய மதர்போர்டில் அந்தக் குறை தெரியாது. உங்கள் போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால் அங்கே பாதை பாதியாகிவிடும். வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிச் சேமிக்கும்) வசதியும் அதில் இல்லை. அனிமேஷன் படிப்பவருக்கு அது ஒரு பெரிய குறை. 3050 எட்டு லேன் கார்டு. 3.0 வேகத்திலும் நொடிக்கு 8 ஜிபி அளவுக்குப் போக்குவரத்து கிடைக்கும். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது இதே 7010இல் ஐ5-2400 போன்ற இரண்டாம் தலைமுறை ப்ராசஸர் இருந்தால், அந்த லேன்கள் ப்ராசஸரிலிருந்தே வருவதால் வேகம் 2.0க்கு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்டெலின் ஆர்க் ஏ380 மலிவாகத் தெரியும். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் கணிசமாக விழுந்துவிடும். 2012ஆம் வருட போர்டில் அந்த வசதி கிடையாது.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் புழங்குவது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016இல் வந்தது, 75 வாட், நல்ல கார்டு. ஆனால் அந்தத் தலைமுறைக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ரொம்ப மலிவாகக் கிடைத்தால் தவிர, இப்போது அதில் பணம் போட வேண்டாம். 750 டிஐக்கும் இதே கதைதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பழைய கார்டு வாங்கினால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டி விற்பது உண்டு. அப்படிப்பட்ட போலிகள் பலவற்றை அந்த மென்பொருள் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டுக் காட்டிவிடும்.

அடுத்து அளவு. உங்களுடையது டவர் என்பதால் முழு உயரக் கார்டு நிற்கும். நீளத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின் தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர், சாட்டா கேபிள் முனைகள் வழியில் நிற்கின்றனவா என்று பாருங்கள். 170 மி.மீ. ஒட்டிய, ஒற்றை விசிறி மாடலாக எடுத்தால் கவலை இல்லை. கார்டு இரண்டு ஸ்லாட் அகலம் எடுக்கும், அதனால் பக்கத்து ஸ்லாட்டில் வைஃபை கார்டு ஏதும் இருந்தால் இடம் மாற்ற வேண்டிவரும். நீல நிற ஸ்லாட்டில்தான் மாட்ட வேண்டும். அதே நீளத்தில் இன்னொரு ஸ்லாட் இருக்கும், ஆனால் அதில் நான்கு லேன்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் விவரம் தேடும்போது இன்னொன்று: 2023இல் டெல் இதே 7010 என்ற பெயரில் முற்றிலும் வேறான புதிய மெஷினை வெளியிட்டது. அதன் விவரத்தை உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒடுங்கிய எஸ்எஃப்எஃப் மாடல் வைத்திருப்பவர்களுக்கு உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டு மட்டும்தான் நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸும் 240 வாட்தான். 50 வாட்டில் ஒற்றை ஸ்லாட்டில் அடங்கும் என்விடியா டி1000 அவர்களுக்கு நல்ல வழி. அதில் மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருப்பதால் கன்வெர்ட்டர் சேர்த்து வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டுப் பெரிய கார்டு போடலாமே என்று தோன்றும். 7010 டவரில் சாதாரண 24 பின் ஏடிஎக்ஸ் இணைப்புதான் என்பதால் அது முடியும். அடுத்து வந்த 9020இல் டெல் தன் சொந்த 8 பின் இணைப்புக்கு மாறிவிட்டது, அங்கே இது அவ்வளவு எளிதல்ல. முடியும் என்றாலும் நான் தடுப்பேன். நான்கு கோர் கொண்ட இந்த ப்ராசஸரால் பெரிய கார்டுக்கு வேலை கொடுத்து ஈடுகட்ட முடியாது. கேம்களில் கார்டு பாதி நேரம் சும்மா நிற்கும்.

ஜிடிஏ 5 பற்றி உங்கள் மகனிடம் தைரியமாகச் சொல்லலாம். 2015இல் அது கம்ப்யூட்டருக்கு வந்தபோது, தயாரித்தவர்கள் பரிந்துரைத்த ப்ராசஸரே ஐ5-3470தான். கார்டு ஜிடிஎக்ஸ் 660. நான் சொல்லும் இரண்டு கார்டுகளும் அதைவிட வேகமானவை. 2025இல் வந்த மெருகூட்டிய பதிப்பு வேண்டாம், பழைய லெகசி பதிப்பைப் போடச் சொல்லுங்கள். கடந்த சில வருடங்களில் வந்த பெரிய கேம்கள் பலவற்றில் இந்த ப்ராசஸர் திக்கும். அதற்குக் கார்டைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், கார்டு வாங்கும் முன்னாலேயே செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. ராமை 16 ஜிபி ஆக்கி, ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் மலிவு, உங்கள் போர்டில் நான்கு இடம் இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் கார்டு மட்டும் போட்டால், பிளெண்டர் ஃபைல் திறக்கவே காத்திருக்க வேண்டிவரும். புது 3050இன் விலை நீங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த விலையை எட்டிவிடலாம். அது உறுத்தினால், நாளைக்கு வாங்கப்போகும் அடுத்த மெஷினுக்கும் அதே கார்டைக் கழற்றி மாட்டலாம் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். தனி பவர் கேபிள் கேட்காத கார்டு அநேகமாக எந்த டவரிலும் உட்கார்ந்துவிடும்.

மாட்டும் முன் பயாஸை டெல் தளத்தில் இருக்கும் கடைசிப் பதிப்புக்கு, அதாவது ஏ29க்கு, கொண்டுவந்துவிடுங்கள். பழைய பயாஸில் புதிய கார்டு போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். மானிட்டர் விஜிஏ மட்டும் உள்ளதா? இந்தக் கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருக மறக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது. மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள், அல்லது பிளெண்டர் வேலைக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிளெண்டர் அதில் நன்றாகவே ஓடும்.

கார்டு மாட்டியதும் பிளெண்டர் தானாக அதைப் பயன்படுத்தாது. எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுத்துக் கார்டின் பெயரை டிக் செய்ய வேண்டும். பிறகு ரெண்டர் பகுதியில் டிவைஸ் என்ற இடத்தை ஜிபியு கம்ப்யூட் என்று மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது மாற்றத்தை ஒவ்வொரு பழைய ஃபைலிலும் தனியாகச் செய்ய வேண்டும் என்று மகளிடம் சொல்லிவையுங்கள். பிறகு, முன்பு மணிக்கணக்கில் ஓடிய அதே காட்சியைத் திரும்ப ரெண்டர் போட்டு, ஜிபியு-இசட்டில் வெப்பநிலையைக் கவனியுங்கள். ஏதாவது கோளாறு என்றால் கடையின் திருப்பி எடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிட வேண்டும். அதனால் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள்.