கோலா கூலா: நீர் ஏறும் நேரத்தைக் கேளுங்கள்

சகோதரி, பாகான் செராயிலிருந்து ஒரே நாளில், பேராக் கடலோரத்தில் பறவை பார்க்கும் இடமான கோலா கூலா போய்வர வேண்டும், அப்பாவால் அதிகம் நடக்க முடியாது, போன முறை படகிலிருந்து பறவைகள் புள்ளியாகத்தான் தெரிந்தன என்று எழுதியிருந்தீர்கள். அலை வற்றிய நேரத்தில் போயிருப்பீர்கள். படகுக்காரரிடம் கட்டணம் கேட்பதற்கு முன் நீர் எப்போது ஏறும் என்று கேளுங்கள். ஏறும்போதுதான் சேற்றுத்திட்டு சுருங்கி, உள்ளான், பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் கரையோரம் ஒதுங்கும், படகும் தரைதட்டாது. வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பால்நிற நாரை தென்பட்டால் தயவுசெய்து மோட்டாரை அணைக்கச் சொல்லுங்கள். அருகிப்போன உயிர் அது, துரத்தவே கூடாது.

அப்புறம், திரும்பும் வழியில் கிரியான் வயல்வெளி. அங்கே கொக்குகளை அப்பா காரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். கதவை மட்டும் திறக்காதீர்கள், ஆள் இறங்கினால் உடனே பறந்துவிடும்.