பூஸ்ட் கேஜும் இசியுவும் ஏன் ஒத்துப்போவதில்லை? கேள்வி பதில்

கோவையில் டீசல் வண்டிகள் பார்க்கிறேன். டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அதன் ரீடிங் பற்றிக் கேளுங்கள் என்றேன். டயர் காற்று வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பக்கத்துக்கு மட்டும் பதில்.

திருப்பூர், டீசல் ஹேட்ச்பேக்: அண்ணா, ஓபிடி ஆப்பில் (வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைப் போனில் காட்டும் ஆப்) மேனிஃபோல்ட் பிரஷர் 220 காட்டுகிறது. நான் மாட்டிய கேஜில் பதினேழரை பிஎஸ்ஐ. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். மேனிஃபோல்ட் என்பது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய். அதன் அழுத்தத்தை, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்லும் மேப் சென்சார் வெற்றிடத்தை பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. உங்கள் கேஜுக்கு வெளிக்காற்றுதான் பூஜ்யம். ஆகவே 220 கிலோபாஸ்கலில் ஊரின் காற்றழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது. கடல் மட்டத்தில் அது 101. திருப்பூர் உயரத்துக்கு 98 பக்கம். கழித்தால் 122. ஒரு பிஎஸ்ஐ என்பது 6.9 கிலோபாஸ்கல், வகுத்தால் 17.7 வரும். உங்கள் கேஜ் நல்ல கேஜ்.

ஈரோடு: எஞ்சின் ஆஃபில் இருக்கும்போதே ஆப் 98 காட்டுகிறது. டர்போ ஜாமா?

மேலே உள்ள பதில்தான். டர்போவுக்கு ஒன்றுமில்லை.

சென்னை, பெட்ரோல் டர்போ: ஸ்கேனரில் பூஸ்ட் பிரஷர் 140, மேனிஃபோல்ட் பிரஷர் 95 என்று ஒரே நேரத்தில் இரண்டு வருகிறது.

பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டும்போது பார்த்திருப்பீர்கள். காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டிலுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். நடுவில் த்ராட்டில் பாதி மூடியிருக்கிறது, அழுத்தம் அங்கே விழுகிறது. முழுசாக மிதித்தால் இரண்டும் நெருங்கி வரும். கேஜின் ஹோஸை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போகும். டர்போ வாயிலேயே செருகினால், டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் விழும் அழுத்தமும் கணக்கில் வராது. அதனால் ஒன்று இரண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டும்.

சேலம்: டீசல் வண்டி. பிரேக் பூஸ்டர் ஹோஸில் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு கேஜ் மாட்டினேன். எப்போதும் வாக்யூம்தான் காட்டுகிறது.

டீசலில் அந்த ஹோஸ் வாக்யூம் பம்புக்குப் போகிறது, மேனிஃபோல்டுக்கு அல்ல. இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அந்த டீ கழன்றால் பிரேக் மிதி கல் மாதிரி ஆகிவிடும்.

மதுரை: ஓவர்டேக் செய்யும்போது கேஜ் முள் 20-ஐத் தொட்டுத் திரும்புகிறது. ஆப்பில் 17-ஐத் தாண்டியதே இல்லை.

ஆப் ஒவ்வொரு எண்ணையும் இசியுவிடம் கேட்டுத்தான் வாங்குகிறது. மலிவான புளூடூத் அடாப்டரில் ஒரே திரையில் பத்து மீட்டரைத் திறந்துவைத்தால், அடுத்த பூஸ்ட் எண் வருவதற்குள் அந்த ஏற்றம் அடங்கிவிடும். பூஸ்ட் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் நெருங்கும்.

தஞ்சாவூர்: ரீமேப் செய்த (இசியு மென்பொருளை மாற்றிய) வண்டி. ஆப் 255-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது.

ஓபிடியின் பொதுவான மேனிஃபோல்ட் பிரஷர் வரிசை ஒரே பைட். 0 முதல் 255 வரைதான் அதில் எழுத முடியும். உங்கள் ஊரில் 22 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல் போனாலே அது முட்டி நின்றுவிடும். கம்பெனி ஸ்கேனரில் பாருங்கள்.

நாமக்கல்: டியூனிங் பாக்ஸ் மாட்டிய பிறகு கேஜ் 5 பிஎஸ்ஐ கூடக் காட்டுகிறது, ஸ்கேனரில் பழையபடிதான். கேஜ் கெட்டுப்போச்சு என்கிறார் பாக்ஸ் விற்றவர்.

கேஜ்தான் உண்மை பேசுகிறது. இந்த வகைப் பாக்ஸ் மேப் சென்சார் ஒயரின் நடுவே உட்கார்ந்து, இருப்பதைவிடக் குறைவான அழுத்தத்தை இசியுவுக்குச் சொல்லும். இசியு தன் இலக்கை எட்டவில்லை என்று நினைத்து டர்போவை இன்னும் முடுக்கும். ஸ்கேனர் படிப்பது இசியுவுக்குச் சொல்லப்பட்ட அந்தப் பொய்யைத்தான். ஓவர்பூஸ்ட் ஆனால் எஞ்சினை அடக்கும் பாதுகாப்பும் அதே எண்ணை நம்பியிருப்பதால் அதற்கும் கண் தெரியாது.

மேப் சென்சாருக்கு ஹோஸ் போகும் பழைய வண்டிகளில் அந்த ஹோஸில் டீ போடாதீர்கள் என்று நான் கத்துவதும் இதற்காகத்தான். டீ ஒழுகினால் சென்சார் குறைவாகப் படிக்கும், காசு கொடுக்காமலே அந்தப் பாக்ஸ் வந்த மாதிரி. மேனிஃபோல்டிலோ இன்டர்கூலருக்குப் பிந்தைய பைப்பிலோ தனி போர்ட் எடுங்கள்.

கோத்தகிரி: ஊட்டி ஏறும்போது என் கேஜ் கீழே இருந்ததைவிட 3 பிஎஸ்ஐ கூடக் காட்டுகிறது. மலையில் டர்போ வண்டிக்கு பவர் கூடும் என்பது உறுதியாகிவிட்டது.

உறுதியாகவில்லை. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுக்குத்தான். இசியு இரண்டு இடத்திலும் மேனிஃபோல்டில் 200 வைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் 98 போக 102, அதாவது 14.8 பிஎஸ்ஐ. ஊட்டியில் 77 போக 123, அதாவது 17.8. எஞ்சினுக்குப் போகும் அழுத்தம் அதே 200. கேஜின் பூஜ்யம்தான் கீழே இறங்கியது. ஊரின் காற்றழுத்தத்தைப் படிக்காமல் 101 என்று வைத்துக் கழிக்கும் ஆப்கள் இரண்டு ஊரிலும் 14.3 என்றே சொல்லும்.

கோத்தகிரி, மறுபடி: ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் பவர் கூடத்தானே வேண்டும்?

குளிர் இன்டர்கூலருக்கு உதவும், சரி. ஆனால் டர்போ கீழே காற்றை இரண்டு மடங்கு அழுத்தியது, ஊட்டியில் 2.6 மடங்கு அழுத்துகிறது. அதற்கு வேகமாகச் சுழல வேண்டும், காற்றும் அதிகம் சூடாகும். உயரத்தில் இலக்கையே குறைக்கும்படி பல வண்டிகளின் இசியு எழுதப்பட்டிருப்பது டர்போவைக் காப்பாற்றத்தான்.

கூடலூர்: இரண்டு பேரும் தப்பு. என் பழைய ஜீப்பில் மேலேயும் கீழேயும் கேஜ் அதே 15 பிஎஸ்ஐதான். ஊட்டியில் இழுவை மட்டும் குறைகிறது.

இப்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. உங்களுடையது இசியு இல்லாத வண்டி. டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டை அடக்கும் கதவுதான் வேஸ்ட்கேட். அதை மூடிவைத்திருப்பது ஒரு ஸ்பிரிங், பூஸ்ட் அழுத்தம் ஒரு டயாஃப்ரத்தைத் தள்ளி ஸ்பிரிங்கை மீறித் திறக்கும். அந்த டயாஃப்ரத்தின் மறுபக்கம் வெளிக்காற்று இருப்பதால், அது காப்பதும் கேஜ் கணக்கைத்தான். 15 பிஎஸ்ஐ என்பது 103 கிலோபாஸ்கல். கீழே 98 சேர்த்து 201, மேலே 77 சேர்த்து 180. முள் அசையவில்லை, எஞ்சினுக்குக் காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கோத்தகிரிக்காரர் வண்டியில் இசியு மொத்த அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது, உங்கள் ஸ்பிரிங் வித்தியாசத்தைப் பிடித்துவைக்கிறது. இரண்டு கேஜும் சரி. பவர் கூடும் என்ற முடிவு மட்டும் தப்பு.

கரூர்: ஆப்பில் 210, கேஜில் 16. எது சரி?

முதல் பதில்.

பொள்ளாச்சி: மேப் சென்சார் ஹோஸில் டீ போட்டால் ரீடிங் சரியாக வருமாமே?

போடாதீர்கள்.

விருதுநகர்: டயருக்கு எத்தனை வைப்பது?

டிரைவர் கதவைத் திறந்தால் அங்கே ஸ்டிக்கர் இருக்கும்.

கோத்தகிரி: கடைசியாக ஒன்று. என் ஆப் உண்மையான காற்றழுத்தத்தைக் கழிக்கிறதா, 101-ஐக் கழிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மலை மேல் சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேப் எண் ஊட்டியில் 77 பக்கம் இருக்கும். பூஸ்ட் மீட்டர் பூஜ்யம் காட்டினால் ஆப் சரியாகக் கழிக்கிறது. மைனஸ் மூன்றரை பிஎஸ்ஐ காட்டினால் 101-ஐ வைத்துத்தான் கழிக்கிறது.

குன்னூரில் பார்த்தாலும் போதுமா?

போதும். அங்கே 81 பக்கம் வரும்.