முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கல்வெட்டு

வணக்கம் ஐயா,

அப்பா இங்கே ரொறன்ரோ, ஸ்காபரோவில் காலமாகிப் பத்து நாளாகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மூன்று பாடசாலைகளில் படிப்பித்தவர். முப்பத்தொன்றுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடித்தே தீரவேண்டும் என்று அண்ணா நிற்கிறார். முகப்புத்தகத்தில் அப்பாவின் மாணவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள், இதை இனி யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று அச்சகக்காரர் ஒரு மாதிரியை அனுப்பியிருக்கிறார். இறந்த நாளின் திதியைச் சொல்லும் திதி வெண்பாவை நானே எழுத நினைத்து 'விசுவாவசு ஆண்டு ஆவணி பூர்வபக்கம்' என்று தொடங்கினேன், ஓசை வரவில்லை. ஐயர் சொன்ன திதி வளர்பிறைத் தசமி. ஆனால் உயிர் பிரிந்தது இங்கே மாலை 5.40க்கு, ஊரில் அப்போது மறுநாள். எந்த நாளை எடுப்பது? எதைப் போடலாம், எதை விடலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணாவின் பக்கம்தான் நான். ஒரு பேராசிரியரோ அரசியல்வாதியோ இறந்தால் பத்திரிகை எழுதும், நினைவுப் பேருரை நடக்கும். ஊர் வாத்தியாருக்கு இந்த 32 பக்கம்தான் உண்டு. முகப்புத்தகத்தில் மாணவர்கள் எழுதியவற்றில் அன்பு இருக்கும், ஆனால் அவர் எந்த ஆண்டு எந்தப் பாடசாலையில் இருந்தார் என்பது இராது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டகங்களில் கிடந்த பழைய கல்வெட்டுகளும் பிள்ளைகளின் சாதகங்களும் எத்தனையோ அழிந்துபோயின. இன்று ஒரு கிராமத்தின் வரலாற்றைத் தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்பது, எங்கோ தப்பிய இந்த மெல்லிய புத்தகங்களிடம்தான்.

அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதிலே 'மனைவி புலம்பல்', 'மக்கள் புலம்பல்', 'பேரர் புலம்பல்' என்று ஆயத்தப் பாட்டுகள் இருக்கும். எந்த வீட்டுக்கும் பொருந்துகிற அழுகை அது. பஞ்சபுராணமும் சிவபுராணமும் போடுங்கள், அன்று சபையில் எல்லாரும் பார்த்துப் படிக்க உதவும். புலம்பலுக்குப் போகும் ஆறு பக்கத்தையும் வாழ்க்கைக் குறிப்புக்குக் கொடுங்கள்.

அந்தக் குறிப்பை எழுத உட்காரும் முன் தொலைபேசியை எடுங்கள். அப்பாவின் தங்கை, உங்கள் மாமி, உயிரோடு இருந்தால் முதல் அழைப்பு அவருக்கு. 'அப்பா எப்படிப்பட்டவர்' என்று கேட்டால் 'தங்கமான மனிசன்' என்பதோடு கதை முடிந்துவிடும். பிறந்த வீடு எந்தக் குறிச்சியில், காணியின் பெயர் என்ன, ஏடு தொடக்கியது யார், பாடசாலைக்கு எந்த ஒழுங்கையால் போனார்கள், முதல் நியமனம் எந்த ஊரில், அங்கே யார் வீட்டில் தங்கினார் என்று கேளுங்கள். பேச்சைப் பதிவுசெய்யுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை எடுத்தால், முதல் நாள் நினைவுக்கு வராத பெயர்கள் வரும்.

பாடசாலைப் பெயரில்தான் அதிகம் பிழை விடுகிறோம். 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மிஷன் பாடசாலை, சைவப் பாடசாலை என்று ஊரார் அழைத்த பலவற்றுக்குப் பின்னாளில் வேறு பெயர் வந்தது. அப்பா படித்த காலத்துப் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். நியமனக் கடிதமும் ஓய்வூதியக் கோப்பும் கையில் இருந்தால் ஆண்டுகளை அவற்றிலிருந்து எடுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துத் திகதியும் சாதகத்துத் திகதியும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

வம்சாவளியில் பெண்களைத் தொலைக்காதீர்கள். பழைய கல்வெட்டுகளில் ஆண்களின் பெயர்கள் நான்கு தலைமுறைக்கு இருக்கும், பெண்கள் 'இன்னாரின் பாரியார்' என்பதோடு நின்றுவிடுவார்கள். அப்பம்மாவின் பெயர், அவருடைய தகப்பன் தாய், பிறந்த ஊர் மூன்றும் வரவேண்டும். முதலெழுத்துகளை ஓரிடத்திலாவது விரித்து எழுதுங்கள், ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். கல்வெட்டின் கணினிக் கோப்பு ஒரே நாளில் எங்கெல்லாமோ போய்விடும்.

இனித் திதி. சூரியனிலிருந்து சந்திரன் ஒவ்வொரு 12 பாகை விலகுவது ஒரு திதி. அது வானத்து நிகழ்வு, உலகமெங்கும் ஒரே கணத்தில்தான் மாறும். ஒரு திதியின் நீளமும் நிலையானதல்ல, ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி வரை போகும். ஆவணியில் ரொறன்ரோ நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால். ஆகவே உங்கள் மாலை 5.40 யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை 3.10. ஊர்ப் பஞ்சாங்கத்தில் அந்த அதிகாலை 3.10க்கு எந்தத் திதி நிற்கிறது என்று பாருங்கள். ரொறன்ரோவுக்கென்றே கணித்த பஞ்சாங்கமானால் 5.40ஐ அப்படியே பாருங்கள். அதையும் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு, திதி பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். குளிர்கால நேரம் வந்துவிட்டால் வித்தியாசம் பத்தரை மணியாகும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாள்களில் மணிக்கணக்கில் முரண்படும். உங்கள் குடும்பம் ஆண்டுத் திவசத்துக்கு எதைப் பின்பற்றப் போகிறதோ அதையே எடுத்து, எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குறிப்பிடுங்கள். மரண நேரத்துக்கு வைத்தியர் எழுதிய நேரம் போதும்.

உங்கள் அடி ஏன் ஓடவில்லை? 'விசுவாவசு' ஒரே சீராக நின்றால் நிரை நேர் நிரை என்று மூன்று அசை, அதாவது புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. 'ஆண்டு' தேமா, அதன் பின் நிரை வரவேண்டும், நீங்கள் 'ஆவணி' என்று நேரில் தொடங்கிவிட்டீர்கள். 'பூர்வபக்கம்' (வளர்பிறை) ஒரே சீராக நின்றால் கூவிளங்காய், அதில் தவறில்லை. அதைப் 'பூர்வ பக்கம்' என்று உடைத்தால் மாச்சீரின் பின் நேர் வந்து தளை தட்டும். 'வளர்பிறை' என்றால் கருவிளமாக வசதியாய் உட்காரும், தேய்பிறை கூவிளம். ஆண்டின் பெயரை 'விசுவா', 'வசுவில்' என்று இரண்டு சீராகப் பிரித்துவிடலாம்:

ஆண்டு விசுவா வசுவில் வளர்பிறை
மாண்பார் தசமியில் ஆவணியில் – ஈண்டு
மனையும் மகவும் மறுகச் சிவன்தாள்
நினைந்தே அடைந்தார் நிலை.

கவிதையாக இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கும் இருக்கின்றன, திதி வெண்பாவின் வேலை அவ்வளவுதான். பேரப்பிள்ளைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாவிட்டாலும் நான்கு வரி மனப்பாடமானால் திவச நாளைத் தவறவிடமாட்டான். அப்பாவின் பெயரை நுழைக்க வேண்டுமானால் மூன்றாம் அடியின் முதற்சீரில் வையுங்கள். 'கணேசர்' போல நிரையில் தொடங்கும் பெயர் அப்படியே பொருந்தும். 'நாதர்' போல நேரில் தொடங்கினால் தனிச்சொல்லை 'ஈண்டிருந்த' என்று காய்ச்சீராக்குங்கள். பெயர் மாறினால் மூன்றாம் அடியின் எஞ்சிய சீர்களையும் நாலாம் அடியின் எதுகையையும் மறுபடி பார்க்கவேண்டும்.

கையில் இருப்பது மூன்று கிழமை. பதினாறாம் நாளுக்குள் எழுத்து முடியட்டும், இருபத்திரண்டில் பக்கங்கள் ஒப்புநோக்க வரவேண்டும். அச்சுக்கு ஐந்து நாள் விடுங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகமாதலால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கவேண்டும். 30 பக்கம் எழுதினால் இரண்டு வெறுமையாகும், அதில் ஊர் வரைபடம் ஒன்றைக் கையால் கீறிப் போடுங்கள். பழைய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் வருடி (ஸ்கேன் செய்து) எடுங்கள். வட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி அச்சில் மங்கும், ஆவணமாக அனுப்புங்கள். குழுப்படங்களின் கீழே இடமிருந்து வலம் பெயர் போடாவிட்டால் இருபது வருடத்தில் அது யாருடைய படமும் அல்ல.

அச்சகம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதுகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் எழுத்துருவை மாற்றும் இடத்தில் ஔகாரக் குறியும் ளகரமும் குழம்பும், 'மௌனம்' தேடினால் அகப்படாது. ஒப்புநோக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுங்கள். துக்கத்தில் இருக்கிறவர்களின் கண் எழுத்துப் பிழையில் நிற்காது.

பிரதிகளை வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். அதற்கு மேல் பத்து வைத்துக்கொண்டு, அவர் படிப்பித்த மூன்று பாடசாலை நூலகங்களுக்கும் ஊர் வாசிகசாலைக்கும் அனுப்புங்கள். நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தித் தன் இணைய நூலகத்தில் வைக்கிறது, அவர்களுக்கும் ஒன்று. உங்கள் மாமிக்கு மட்டும் பெரிய எழுத்தில் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.